வெட்டாமல் தைப்பது

துணி கொண்டுவருகிறவர்கள் பையைத் திறக்க முதலே கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இதை வெட்டுவீங்களோ?"

வெட்ட மாட்டேன். ஒட்டவும் மாட்டேன். பசை, சாயம், இஸ்திரிப்பெட்டி எதுவும் அந்தத் துணியில் படாது. ஊசியும் நூலும் மட்டும்தான், அதுவும் பிரித்தெடுக்கக்கூடிய தையல். நாளைக்கே ஒருவர் வந்து "தாங்கோ, எனக்கு வேணும்" என்று கேட்டால், பிரித்து மடித்து அவர் கையில் கொடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். பழந்துணிகளை வைத்து நான் செய்கிற வேலை முழுவதும் இந்த ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது.

வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. கலைஞர் கையில் வந்த பொருள் கலைஞருடையதுதானே என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தட்டில் வைத்து, சபையில் இருந்தவர்கள் எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்த கூறைச் சேலையை உடுத்திக்கொண்டு வந்துதான் இங்கே மணப்பெண் தாலிக்குக் கழுத்தை நீட்டுகிறாள். பிறகு அது றங்குப்பெட்டிக்குள் போகும். பிள்ளைகளின் கலியாணங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்திருப்பாள். பல வீடுகளில் அவள் கண்மூடுகிற நாளில் திரும்ப அதைத்தான் எடுப்பார்கள். தன் கூறையை என்னிடம் தந்த ஒரு அம்மா அதைச் சாதாரணமாகவே சொன்னார்: "வைச்சுத் தையுங்கோ பிள்ளை, ஆனா நான் சாகேக்கை எனக்கு வேணும்." அப்படிப்பட்ட ஒன்றில் எவ்வளவு அழகான வடிவம் மனதில் தோன்றினாலும் கத்தரிக்கோல் வைக்க எனக்கு உரிமை இல்லை.

அம்மாவின் கூறையிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது. இராணுவம் நெருங்க, 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு எழும்பி நடந்தபோது அது ஒரு உரப்பைக்குள், சைக்கிள் கரியரில், மழையோடு மழையாக வந்தது. அந்த நடையைப்பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் கொள்ளாத சனம். நான் சொல்ல வருவது சேலையைப்பற்றி. உரப்பையின் வாய் வழியே இறங்கிய தண்ணீர் மடித்துவைத்த சேலையின் ஒரு மூலையில் ஊறியிருக்கிறது. இப்போது விரித்துப் பார்த்தால் ஒரே வடிவக் கறை, உள்ளங்கை அளவில், சேலை நெடுக வரிசையாக நிற்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று இடவலம் மாறியிருக்கும். முதலாவது கறை கடும் பழுப்பு, உள்ளே போகப்போக வெளிறி, கடைசி இரண்டும் வெளிச்சத்துக்குப் பிடித்தால்தான் தெரியும். அந்தக் கறைகளை ஒன்றின்மேல் ஒன்று வருகிற மாதிரி மடித்துக்கொண்டு போனால், அன்றிரவு அம்மா அதை எப்படி மடித்தார், எந்தப் பக்கத்தை மேலே வைத்தார் என்பது கைக்கு வந்துவிடும். நாலாக மடித்துப் பிறகு மூன்றாக. அவசரத்தில் ஓரங்கள் சேரவில்லை.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அம்மாவுக்கே நினைவில்லை. தென்மராட்சியில் யார் வீட்டு விறாந்தையில் படுத்தோம் என்பது அவருக்கு நினைவிருக்கிறது. அடுத்த வருசம் சித்திரையில் திரும்பி வந்தபோது வீட்டில் கதவுநிலைகூட இல்லாமல் இருந்தது நினைவிருக்கிறது. சேலையை மடித்தது நினைவில்லை. அது துணியிடம் இருக்கிறது. அப்புறம் எந்தத் துணி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது பூவையோ கரையையோ அல்ல. மடிப்பு எங்கே விழுந்திருக்கிறது, தும்பு எங்கே உடைந்திருக்கிறது, ஓரம் எத்தனை தரம் மடித்துத் தைக்கப்பட்டிருக்கிறது என்பவற்றைத்தான்.

ஒரு துணியைப்பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

வன்னியிலிருந்து வந்த ஒருவர் தந்த பை அது. பச்சையும் கத்தரிப்பூ நிறமும் கலந்த நைலெக்ஸ் சேலையில் தைத்தது. 2009இன் தொடக்கத்தில் சனம் கிழக்குக் கடற்கரையை நோக்கி ஒதுக்கப்பட்டுக்கொண்டே போனது. மாத்தளன், வலைஞர்மடம், கடைசியாக முள்ளிவாய்க்கால். ஒருபக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல், நடுவில் ஒடுங்கிய மணல். அந்த மணலில் பங்கர் வெட்டினால் பக்கச்சுவர் நிற்காது, சரிந்துவிழும். கொஞ்சம் ஆழமாக வெட்டினால் தண்ணீர் வரும். சுவரைப் பிடித்துநிறுத்த மண்மூட்டை வேண்டும், மூட்டைக்கு உரப்பை கிடையாது. ஆகவே பெண்கள் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்தார்கள். பட்டுச்சேலை, கூறைச்சேலை, பிள்ளைக்கு ஏணை கட்டிய நூல்சேலை எல்லாம் போயின. ஒரு சேலையில் ஐந்தாறு பை வரும். இழை நெருக்கமான துணியென்றால் மணல் கசியாது. எந்தச் சேலை மூட்டைக்கு நல்லது என்ற அறிவு அந்தச் சில மாதங்களில் ஆயிரக்கணக்கான பெண்களின் கையில் வந்து சேர்ந்தது.

எனக்குத் தந்தது மண் நிரப்பாமல் மிஞ்சிய ஒரு பை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், இரண்டு மாற்றுடுப்பு ஆகியவற்றை அதற்குள் வைத்துக்கொண்டுதான் அவர் செட்டிகுளம் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்கு வந்து சேர்ந்தார். அதனால் அது தப்பியது.

வலதுபக்கத் தையல் வெள்ளை நூலால். நெருக்கமான, அளவான ஓட்டுத்தையல், இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பிவந்து இறுக்கியிருக்கிறது. பாடசாலையில் மனையியல் படித்த கை என்று பார்த்தவுடன் தெரியும். அடியில் திரும்புகிற இடத்தில் நூல் முடிந்து தங்கூசி தொடங்குகிறது. தங்கூசி மீன்பிடிக்கிற நைலோன் நூல், விறைப்பானது, முடிச்சு வழுக்கும். அதனால் ஒவ்வொரு முடிச்சையும் மூன்றுமுறை போட்டிருக்கிறார். இடதுபக்கத்தின் நடுவில் ஒரு சாண் தூரத்துக்கு மட்டும் தையல் நீண்டு, கோணி, மேடுபள்ளமாகப் போகிறது. அதைக் காட்டிக் கேட்டேன். "அதிலை சின்னவன் மடியிலை நித்திரை. ஒரு கையாலை தைச்சனான்" என்றார். மேலே அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பையின் மேல் நான் அலங்காரத்துக்கென்று ஒரு தையல்கூடப் போடவில்லை. சேலை நீளத்துக்கு, அதாவது ஆறு கஜத்துக்கு, வெளுக்காத பருத்தித் துணி எடுத்தேன். அவருடைய ஊசி ஏற்கெனவே போட்டிருந்த துளைகள் வழியாகவே மெல்லிய நூலை விட்டு, பையை அதன் ஒரு தலைப்பில் நிறுத்தினேன். புதிதாக ஒரு துளையும் இல்லை. மிச்சத் துணியில், அதே சேலையிலிருந்து தைக்கப்பட்டு மணலோடு அங்கேயே நின்றுவிட்ட மற்றப் பைகளின் வெளிக்கோடுகள், வெள்ளையில் வெள்ளை நூலால். தூரத்தில் நின்று பார்த்தால் ஒரு சின்னப் பச்சைத் துண்டும் வெறுந்துணியும்தான் தெரியும். கிட்ட வரவேண்டும். ஒருமுறை பார்க்க வந்த அம்மா ஒருவர் வெளிக்கோட்டின் மேல் விரலை வைத்து அளந்துபார்த்து, "எங்கட இதைவிடப் பெரிசு, நாங்கள் ரண்டு துண்டைச் சேர்த்துத் தைச்சனாங்கள்" என்று விளக்கம் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் நின்ற இன்னொருவர் தங்கள் பைக்கு வாய் கட்டியது எப்படி என்று சொல்லத் தொடங்கினார். எனக்கு வேறு எந்தப் பாராட்டும் தேவையாக இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போரைப்பற்றிச் செய்கிற துணிவேலைகளில் சிவப்பு நூலைக் கண்டாலே எனக்கு மனம் சோர்ந்துவிடும். சிவப்பு நூல் என்றால் இரத்தம், முள்ளுக்கம்பி என்றால் முகாம், வெள்ளை என்றால் துக்கம். துணிக்கு வெளியே முடிவுசெய்த அர்த்தத்தைக் கொண்டுவந்து துணியின் மேல் ஒட்டுவது அது. உண்மையில் நடந்தது எதுவோ அது துணியிலேயே இருக்கும்போது ஏன் அதற்குமேல் இன்னொன்று? பருத்தி எரிந்தால் சாம்பலாகும், நைலெக்ஸ் எரிந்தால் உருகிச் சுருண்டு கறுத்த மணியாக இறுகும். எரிந்த ஓரத்தைக் கையில் வைத்தால் எந்தத் துணி என்பது விரலுக்கே தெரியும். இவ்வளவு சொல்கிற பொருளுக்கு நாம் குறியீடு கொடுக்கத் தேவையில்லை.

துணியையும் நினைவையும்பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பகுதியை வழக்கமாக விட்டுவிடுகிறோம். அதை யார் வெளுத்தார்கள் என்பது. கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் பந்தலுக்கு வெள்ளை கட்டியது யார்? மாப்பிள்ளை நடந்துவர நிலபாவாடை விரித்தது யார்? பெண்பிள்ளை சாமத்தியப்பட்டால் மாற்றுச் சேலை கொண்டுவந்தது யார்? துணி வெளுக்கிற கட்டாடியார் இல்லாமல் ஒரு நன்மை தின்மை நடந்திருக்காது. அந்த ஆளைத்தான் வீட்டுக்குள் விடாமல் முற்றத்தில் நிறுத்தினோம். வேலைக்கு உரிய கூலி கொடுக்காமல் நெல்லும் சோறும் கொடுத்து அதை வழமை என்றோம். எங்கள் துடக்கை, தீட்டையெல்லாம் கையால் தொட்டுக் கழுவியவர்களை, அதே காரணத்துக்காகத் தள்ளிவைத்தோம்.

பழைய வேட்டிகளின், படுக்கை விரிப்புகளின் மூலையைப் புரட்டிப் பாருங்கள். சிலவற்றில் சின்னதாக, கறுப்பாக ஒரு குறி இருக்கும். இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு வளைவு. சேங்கொட்டைச் சாற்றால் போட்டது, எத்தனை தரம் வெளுத்தாலும் போகாது. எந்த வீட்டு உடுப்பு என்று தெரிவதற்காக வெளுக்கிறவர் வைத்துக்கொண்ட அடையாளம் அது. பெயர் எழுதிக் காட்ட யாரும் இல்லாத காலத்தில் ஊரின் அத்தனை வீடுகளுக்கும் ஒவ்வொரு குறியைத் தன் மனதில் வைத்திருந்த ஒருவர் இருந்திருக்கிறார். வீடுகளின் பெயரைச் சொல்ல ஆள் இருக்கிறது, குறி போட்டவரின் பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. என்னிடம் வருகிற துணிகளில் அப்படி ஒரு குறி இருந்தால் அந்த மூலையைத்தான் பார்க்கிறவர் கண்ணுக்கு நேரே வைக்கிறேன். துணியின் சொந்தக்காரருக்குச் சிலவேளை அது பிடிப்பதில்லை. "அந்தப் பக்கத்தை உள்ளுக்கு மடிச்சு விடலாமே" என்பார்கள். பேசிப் பார்ப்பேன். சரிவராவிட்டால் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். குறியை மறைத்து அந்தத் துணியைக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அம்மாவின் பழைய சட்டைகளிலும் இப்படி ஒரு காணாமற்போன கை இருக்கிறது. எண்பதுகளில் அவர் சட்டை தைக்கக் கொடுத்தது சோனகத்தெருப் பக்கம் இருந்த ஒரு முஸ்லிம் தையற்காரரிடம். கைமூட்டில் அவர் வைக்கிற ஒரு சின்ன முக்கோணத் துண்டு வேறு யாருடைய தையலிலும் கிடையாது. கையை உயர்த்தினால் இழுக்காது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். நகையும் காசும் சோதித்து வாங்கப்பட்டன. அந்த நாட்களில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள். ஊர்ப் பெண்களின் அளவெல்லாம் எழுதிவைத்த அந்தத் தையற்காரரின் கொப்பியும் அன்றோடு போனது. சரியாக ஐந்து வருசம் கழித்து, அதே திகதியில், நாங்களும் மூட்டை கட்டினோம். இந்த இரண்டு நாளையும் ஒரே துணியில் வைக்காமல் யாழ்ப்பாணத்து இடப்பெயர்வைப்பற்றி ஒரு வேலை செய்யக்கூடாது என்று நினைக்கிறேன். அம்மாவின் இரண்டு சட்டைகளை உட்புறம் வெளியே தெரியத் தொங்கவிட்டிருக்கிறேன், அந்த முக்கோணம் தெரியும்படி.

சாயம் போடுவதில்லையா என்று கேட்பார்கள். வந்த துணிகளுக்குப் போடுவதில்லை, பின்துணிக்கு எப்போதாவது. இங்கே சாயத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. மன்னாரிலும் தீவுப்பகுதியிலும் மணற்பாங்கான நிலத்தில் தானாக முளைக்கிற இம்பூறலின் வேர்தான் சாயவேர். கடுக்காயில் ஊறவைத்துப் படிகாரம் ஏற்றிய பருத்தித் துணியை அந்த வேரோடு கொதிக்கவைத்தால் நல்ல சிவப்பு வரும். 1658இலிருந்து 1795வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் அந்த வேரைத் தங்கள் ஏகபோகமாக்கி, தோண்டுவதைச் சில சாதிகளின் மேல் கட்டாயக் கடமையாகச் சுமத்தினார்கள். இயற்கைச் சாயம் என்று சொல்லி இப்போது விலை கூட்டி விற்கிற சிவப்புக்குப் பின்னால் மணலைக் கிண்டிய அந்த விரல்களும் இருக்கின்றன.

இங்கே ஓவியம் கற்றவர்களுக்குத் தையல் என்றால் அது மனையியல் பாடம். நான் ஊசியை எடுத்தபோது "வடிவாக் கீறத் தெரிஞ்ச பிள்ளை ஏன் பூத்தைக்கப் போனது" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஊரின் நல்ல கலைவேலைகள் பலவும் வீட்டுச் சாமானைக் கையில் எடுத்தபோதுதான் வந்திருக்கின்றன. 2004இல் யாழ். பொது நூலகத்தில் நடந்த 'அகம் புறம்' கண்காட்சியில் ஓவியர் தா. சனாதனன் வீடுகளிலிருந்து சேகரித்த சாமான்களை வைத்தார். 1981இல் எரிந்து, திரும்பக் கட்டப்பட்ட அதே கட்டடத்தில். பிறகு ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தோம்பை மாதிரியாக வைத்து, இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீட்டை நினைவிலிருந்து கீறிய வரைபடங்களை ஒரு புத்தகமாக்கினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த ஹேமா ஷிரோணி இடப்பெயர்வையும் வீட்டையும் துணியில், ஊசியால் சொல்கிறார். அவருடைய தையலின் முன் நின்றபோது, நூல் கோட்டைவிட மெதுவாகப் போவதால் பார்க்கிறவரையும் மெதுவாகப் போகச் செய்கிறது என்பதைக் கண்டேன். போர்க்காலத்தில் வீட்டில் வைத்தே பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த மாற்கு மாஸ்ரரின் ஓவியங்கள் பெருமளவு இடப்பெயர்வில் அழிந்துபோயின. கன்வஸைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. சேலையை உடம்பில் சுற்றிக்கொண்டு ஓடலாம். நான் துணிக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

விற்பீர்களா என்ற கேள்விக்கு இனிப் பதில் தேவையில்லை என்று நினைக்கிறேன். இவை இரவல் துணிகள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு சின்ன நாடா தைத்திருக்கிறேன், அதில் யாருடையது, யாரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று பென்சிலால் எழுதியிருக்கும். இதுவரை சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கேட்டு வந்தவர்களில் ஒருவர் மகளுக்கு ஏணை கட்ட வேண்டும் என்று நூல்சேலையை வாங்கிப்போனார். அந்த வேலையின் இடத்தில் இப்போது பின்துணி மட்டும் தொங்குகிறது, அதையும் காட்சிக்கு வைக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து நிறையப் பேர் எழுதிக் கேட்கிறீர்கள், ஊரிலிருந்து வந்த சேலையை எப்படி வைத்திருப்பது என்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பொலித்தீன் பையில் வைக்காதீர்கள், ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். துவைத்துக் கஞ்சி போகக் காயவைத்த பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் பூச்சி வரும். பூச்சி உருண்டையைச் சேலைமேல் நேரே போடவேண்டாம், சரிகை கறுக்கும். வேறு துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம், அல்லது காய்ந்த வேப்பிலை போதும். வருசத்தில் இரண்டு மூன்று தரம் எடுத்து நிழலில் விரித்து, முன்பு மடித்த இடத்தில் மடிக்காமல் மாற்றி மடியுங்கள். பட்டு எப்போதும் மடிப்பில்தான் வெடிக்கும். குண்டூசி குத்தாதீர்கள், துருப்பிடிக்கும். கறை இருந்தால் அது என்ன கறை என்று தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு மட்டும் கழுவுவதா இல்லையா என்று முடிவுசெய்யுங்கள். கழுவுவது என்று தீர்மானித்தால் முதலில் நல்ல வெளிச்சத்தில் வைத்து, இரண்டு பக்கத்தையும், மடிப்புகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவோ அம்மம்மாவோ உயிரோடு இருந்தால், போனில் கேட்காமல், சேலையை அவர் மடியில் வைத்துவிட்டுக் கேளுங்கள். என்ன கேட்பது என்று யோசிக்கவேண்டாம். ஓரத்தைப் பிடித்து "இதை ஆர் தைச்சது?" என்று தொடங்கினால் போதும்.